பூனை ஆடாத நாட்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் என்று என் மாமியார் சொல்வார். பொய்யில்லை. ஆனால் அந்தக் கோபம் என் கணவரின் பிழைப்பிலேயே கை வைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் வீடியோ கேம் சண்டைப் போட்டிகளை நடத்தி நேரலையில் காட்டுகிறது. இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து, திரையில் ஆளுக்கொரு வீரரை ஆட்டிவைத்து அடித்துக்கொள்வார்கள். இந்த வகையில் மூன்று பெரிய தொடர்களை நாங்கள் எடுத்து நடத்தினோம். அயர்ன் கிரவுன், பிளட் கேட், மூன் ஃபிஸ்ட். மூன்றுமே பல வருடங்களாகப் பாகம் பாகமாக வந்துகொண்டிருப்பவை. சுருக்கமாகக் கிரவுன், கேட், மூன் என்போம். இந்த வருடம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி இரண்டு போதும், ஒன்றைக் கைகழுவ வேண்டும். எந்த ஒன்று என்று தீர்மானிக்க, மூன்றில் எதற்கு மவுசு அதிகம், எதற்குக் குறைவு என்று ஒப்பிட்டுச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. எண்களோடு மல்லுக்கட்டுவதுதான் அங்கே என் உத்தியோகம்.

என் கணவர் மூன் ஆடுபவர். எங்கள் நிறுவனத்தின் ஒப்பந்த ஆட்டக்காரர். அவருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் பூனை. எதிராளி தாவித் தாவி அடிக்கும்போது அசையாமல் காத்திருந்து, அவன் ஒரு அடி தவறியதும் பாய்ந்துவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். பேசவே மாட்டார், பேசினால் அதற்குப் பதில் இருக்காது. பள்ளிப் படிப்பு முடிந்த நாளிலிருந்து அவர் செய்த ஒரே வேலை இது. மூன் போனால் அவருக்கு வேலை போகும். முப்பத்தைந்தை நெருங்கும் ஆளுக்கு, விரல்களைத் தவிர வேறு படிப்பு இல்லாத ஆளுக்கு, யார் வேலை கொடுப்பார்கள்?

மேலாளர் இந்த வேலையை என்னிடம் கொடுத்தபோது அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். படத்தொகுப்பாளரும் இருந்தார். போட்டிகளின் சுவையான இடங்களை வெட்டி ஒட்டி வெளியிடுபவர். நல்ல வேலைக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம். நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சொன்னார்.

"அப்ப மூனுக்கு முதலிடம்னு இப்பவே எழுதிடலாம். வீட்டுக்காரர் ஆட்டமாச்சே."

சிலர் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்டிப்பான பெண்மணி, யாரையும் சும்மா பார்க்க மாட்டார். அந்தப் பார்வைதான் என்னைச் சுட்டது.

"அவர் ஆடின நாளை எல்லாம் கணக்குலயே சேர்க்க மாட்டேன். போதுமா?" என்றேன்.

"அட, சும்மா சொன்னேங்க."

"நான் சும்மா சொல்லல. பூனை ஆடாத நாளை மட்டும் வச்சுத்தான் மூனை எடை போடப் போறேன். எல்லாரும் கேட்டுக்கோங்க."

மேலாளர் தலையசைத்தார். "நல்லதுதான். அப்புறம் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது," என்றார்.

அறையை விட்டு வெளியே வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதை இவ்வளவு பெருமையாகச் செய்தவள் நானாகத்தான் இருப்பேன். ஒரு ஆள் ஆடின நாட்களைக் கழித்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். ஒரு ஆட்டம் ஒரு ஆளை நம்பியா இருக்கும்?

மவுசை அளப்பது லேசான காரியமில்லை. எந்தத் தராசை எடுக்கிறோமோ, அதற்கேற்ப ராஜா மாறிவிடுவார். விற்பனையைப் பார்த்தால் கேட்டை யாரும் நெருங்க முடியாது. அதில் ரத்தம் தெறிக்கும், எலும்பு முறிகிற சத்தம் காதில் விழும். சண்டை ஆட்டமே பிடிக்காதவர்கள்கூட அந்தக் கூத்துக்காக வாங்குவார்கள். ஆனால் வாங்கியவர்களில் பாதிப் பேர் அதில் வரும் கதையை ஒரு தடவை முடித்துவிட்டு, தள்ளுபடியில் எடுத்த சட்டையைப் போல மடித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். போட்டிக்குப் பெயர் கொடுப்பவர்களை எண்ணினால் கிரவுன்தான் முதல். புதிதாக வருகிறவரையும் கைபிடித்து ஏற்றிவிடும் ஆட்டம் அது. இரண்டு பொத்தான் தெரிந்தால் போதும், தோற்றாலும் நாலு அடி கொடுத்துவிட்டுத் தோற்கலாம்.

நேரலை பார்ப்பவர்களிலும் கிரவுன்தான் முதல் என்று எங்கள் அலுவலகமே நம்பிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் சந்தேகம். நேரலையைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்திருந்தால், நம் வீரருக்குப் போட்டுக்கொள்ள ஒரு புது உடை இலவசம் என்று கிரவுனில் அடிக்கடி அறிவிப்பார்கள். ஆட்கள் போனில் அதைத் திறந்து, சத்தத்தை அடைத்து, சார்ஜரில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்கள். எண்ணிக்கை மலைபோல் நிற்கும், கருத்துப் பெட்டியில் ஈ காக்கை இருக்காது. அந்த நாட்களைக் கழித்தேன். கேட்டில் தள்ளுபடி வாரங்களைக் கழித்தேன். இப்படி ஊதிப் பெருத்ததை எல்லாம் வடித்துவிட்டுப் பார்த்தால்தான் உண்மையான உடம்பு தெரியும் என்பது என் வாதம். என் வாதத்தில் எனக்கே மயக்கம்.

மூன் வேறு ஜாதி ஆட்டம். கற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆகும். விற்பனை குறைவு. ஆனால் அதன் நேரலையில் உட்காருபவர்கள் கண்ணை எடுக்க மாட்டார்கள், கருத்துப் பெட்டி பொரிந்துகொண்டே இருக்கும். மூனுக்கு இரண்டாம் இடம் நிச்சயம் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. கேட்தான் போகும், நாம் தப்பித்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டே, சொன்ன வாக்கின்படி என் கணவர் ஆடிய நாட்களைக் கழித்தேன்.

திரையில் இருந்த வரைபடத்தில், மூன் பார்ப்பவர்களைக் காட்டும் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

ஏதோ தவறாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து முதலிலிருந்து செய்தேன். மறுபடியும் படுத்தது. சரி, எந்த ஆட்டத்திலும் முதல் ஆளை எடுத்தால் இப்படித்தான் விழும்போல என்று, கிரவுனின் சாம்பியன் ஆடிய நாட்களையும் கழித்துப் பார்த்தேன். கோடு லேசாக முனகிவிட்டு அப்படியே நின்றது. கேட்டிலும் அதே கதை. அங்கெல்லாம் ஒருவர் போனால் அந்த இடத்தில் இன்னொருவர். மூனில் ஒருவர் போனால் யாருமே இல்லை. என் கணவர் ஆடினால் அவ்வளவு பேரும் வருகிறார்கள். அவர் ஆடாத நாளில் கடை திறந்திருக்கிறதா என்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கை நிற்காது. போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களின் கோட்டையும் எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு மடிக்கணினியைப் பட்டென்று மூடினேன். பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். தலைவலி என்றேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது படிக்கட்டிலேயே டக்டக் சத்தம் கேட்டது. அவர் பயிற்சியில் இருந்தார். மடியில் வைத்து ஆடுகிற ஒரு பெட்டி, அதில் ஒரு பிடியும் எட்டுப் பொத்தான்களும் இருக்கும், ஸ்டிக் என்பார்கள். அதன் சத்தம் எங்கள் வீட்டில் கடிகாரச் சத்தம் மாதிரி. அத்தைக்கு ஆட்டத்தில் ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டே மகன் ஜெயிக்கிறானா தோற்கிறானா என்று சமையலறையிலிருந்து சொல்லிவிடுவார்.

அத்தை எனக்கு டீயைக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார்.

"ஏம்மா, நாளைக்குத்தானே அந்தப் பேச்சு?"

"ஆமாத்தே."

"மூணுல எது ஒசத்தின்னு வந்திருக்கு?"

"இன்னும் முடியல."

"முடியலையா, சொல்ல மாட்டேங்கறியா?"

நான் டீயைக் குடித்தேன். நாக்கு வெந்தது. அத்தை விடுவதாக இல்லை. குரலை இறக்கி, "பொய் சொல்லச் சொல்லல. ஆனா அவனைக் கொஞ்சம் பாத்துக்க," என்றார். கோபம் வந்தது. அத்தையின் மேல் இல்லை. என் மேல்.

அறைக்குள் போனேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே தற்காப்பைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவராகக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நாலு நாளாகவே கேட்கவில்லை. ஒருவர் கேட்டுத் தொந்தரவு செய்வதைத் தாங்கலாம், கேட்காமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது.

"ஏங்க, உங்களுக்கு ஒண்ணும் கேக்கத் தோணலையா?"

ஆட்டத்தை நிறுத்தினார். "கேட்டா உனக்குக் கஷ்டம்," என்றார்.

"கேக்காம இருந்தாலும் கஷ்டம்தான்."

கொஞ்ச நேரம் பிடியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். "எனக்காக எதையும் கூட்டி எழுதாத. அது போதும்," என்றார். பிறகு, ஏதோ மறந்ததைச் சேர்ப்பது போல, "நான் உன் புருஷன்ங்கறதுக்காக எதையும் குறைச்சும் எழுதாத," என்றார்.

அலுவலகத்தில் நான் விட்ட சவடால் அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே சரியாக அந்த இடத்தில் அடித்தார். பூனை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? நான் முகம் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலைக் கூட்டத்துக்கு மேலிடத்திலிருந்தும் ஒருவர் வந்திருந்தார். நிதிப் பொறுப்பாளர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேலாளர் நடுவில். படத்தொகுப்பாளர் எனக்கு நேர் எதிரே. என்னிடம் இரண்டு வரைபடங்கள் தயாராக இருந்தன. அவரைக் கழித்த கோடு ஒன்று, கழிக்காத கோடு ஒன்று. கழிக்காததைக் காட்டினால் மூன் இரண்டாம் இடம், ஆனால் வீட்டுக்காரருக்காக வாக்கு மாறினாள் என்று ஆயுசுக்கும் பேசுவார்கள். கழித்ததைக் காட்டினால் எனக்கு நல்ல பெயர், அவருக்கு வேலை போகும். எதைத் திறக்கப் போகிறேன் என்று கணினியைத் திரையோடு இணைக்கும் நிமிடம்வரை எனக்கே தெரியாது.

கிரவுனைச் சொன்னேன். உடை நாட்களைக் கழித்ததைச் சொன்னேன், நிதிப் பொறுப்பாளர் புருவத்தைத் தூக்கினார். கேட்டைச் சொன்னேன். தள்ளுபடி வாரங்கள் போக மிஞ்சியதைக் காட்டினேன். பிறகு மூன்.

"இது பூனை ஆடாத நாட்கள்," என்று படுத்துக்கிடந்த கோட்டைக் காட்டினேன்.

நிதிப் பொறுப்பாளர் பேனாவை எடுத்தார். "அப்ப முடிஞ்சுது. மூனை நிறுத்திடலாம்," என்றார்.

"இன்னும் ஒரு படம் இருக்கு சார்."

"அதான் தெளிவா இருக்கே."

"தெளிவா இருக்கு, ஆனா பாதிதான் இருக்கு," என்றேன். மேலாளரைப் பார்த்துச் சொன்னேன். "மேடம், அவர் ஆடின நாளைச் சேர்க்க மாட்டேன்னு உங்க முன்னாடி சொன்னேன். கோபத்துல சொன்னேன். அந்தப் பேச்சைக் காப்பாத்தறதுக்காகத் தப்பான கணக்கைக் கொடுக்க முடியாது. மத்த ரெண்டுலயும் ஊதின காத்தைத்தான் கழிச்சேன். இதுல ஆளையே கழிச்சுட்டேன்."

இரண்டாவது படத்தைத் திறந்தேன். கோடு கேட்டைத் தாண்டி மேலே ஏறி நின்றது. படத்தொகுப்பாளர் தொண்டையைச் செருமினார். இப்போது ஏதாவது சொல்லட்டும், மேசையைத் தாண்டிப் போய் அறைந்துவிடுவது என்று இருந்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "சரிதான். நான் பூனை ஆடினதை வெட்டிப் போட்டாத்தான் ஓடும். மூன்ல வேற யாரைப் போட்டாலும் சீந்த மாட்டாங்க," என்றார். எனக்காகப் பேசினாரா, எனக்கு எதிராகப் பேசினாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மேலாளர் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப மூனுக்கு மவுசே இல்ல. பூனைக்குத்தான் மவுசு. மூனை விட்டுடலாம், பூனையைக் கிரவுனுக்குக் கூட்டிட்டு வந்துடலாம். அவரைப் பாக்கற கூட்டம் அவர் பின்னாடியே வரும்."

நிதிப் பொறுப்பாளர் கைக்கடிகாரத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. என்னைச் சுற்றி நின்று கை குலுக்கினார்கள். வேலை தப்பியது, இன்னும் நல்ல ஒப்பந்தம், என்ன கவலை என்றார்கள். நான் பல்லைக் காட்டினேன். பெயர் கொடுத்தவர்களின் கோட்டை நான் அங்கே திறக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வீட்டில் அத்தைதான் முதலில் கேட்டார், முதலில் துள்ளினார். "அப்ப இவன் பேருக்குத்தான் ஒசத்தின்னு வந்துச்சா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் மட்டும் ஸ்டிக்கை மடியில் வைத்தபடி அப்படியே இருந்தார்.

"மூனை நிறுத்தறாங்க," என்றார். அது கேள்வியில்லை.

"ஆமா. ஆனா உங்களுக்குக் கிரவுன்ல..."

"அதைக் கேட்டுட்டேன். நான் ஆடாத நாள்ல எத்தனை பேர் பார்த்தாங்க?"

"அதை விடுங்க."

"எத்தனை பேர்?"

"யாருமே இல்லன்னு வச்சுக்கோங்க."

தலையை மெதுவாக ஆட்டினார். "ஆடறவங்க? பார்க்கறவங்க வராம இருக்கலாம். ஆடறவங்க இருப்பாங்கள்ல?"

நான் அத்தையைப் பார்த்தேன், சன்னலைப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிராளி எந்தப் பக்கம் நகரப் போகிறான் என்று கண்டுபிடிப்பதுதானே அவர் தொழில்.

"என்னமோ மறைக்கற."

"ஒண்ணும் மறைக்கல."

"நாளைக்கு வேற யாராவது சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா? நீயே சொல்லிடு."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, ஆனால் சொன்னேன். அவர் ஜெயித்த ஒவ்வொரு போட்டிக்கும் பிறகு, அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பவர்கள் குறைந்திருக்கிறார்கள். ஒரு தடவைகூட ஏறவில்லை. மணிக்கட்டு வலி என்று அவர் ஆடாமல் இருந்தாரே, அந்த ஒரு தடவை மட்டும் ஏறியிருக்கிறது. அப்போது பார்க்க ஆளில்லை, ஆட ஆளிருந்தது. அவர் திரும்பி வந்ததும் மறுபடியும் குறைந்துவிட்டது.

"புதுசா வர்றவங்க முதல் சுத்துலயே உங்ககிட்ட மாட்டறாங்க," என்றேன். "ஒரு அடிகூடப் போட முடியாம போறாங்க. அப்புறம் வர்றதில்ல. அதைப் பார்க்கற மத்த புதுசுங்களும் வர்றதில்ல."

"ஜெயிக்கறதுகூடக் குத்தமா?" என்றார் அத்தை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. "நல்லா இருக்கே நியாயம்."

என் கணவர் என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நான் ஆடிக்காட்டினா நாலு பேர் பார்ப்பாங்க, நாலு பேர் பார்த்தா ரெண்டு பேர் ஆட வருவாங்கன்னு நினைச்சேன்," என்றார். "இத்தனை வருஷமும் அதைத்தான் பண்றேன்னு நினைச்சேன்."

ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சத்தம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அந்த டக்டக் இல்லாமல் எங்கள் வீடு யாரோ செத்த வீடு போல இருந்தது. அத்தை பாத்திரத்தைக்கூட மெதுவாக வைத்தார். என் கணவர் வேளாவேளைக்குச் சாப்பிட்டார், மாடிக்குப் போய்த் துணியை எடுத்து வந்தார், கேட்டதற்கு ம் என்றார். நான் எண்களைப் பழித்தேன், என் வேலையைப் பழித்தேன். பொய் சொல்லியிருக்கலாமே என்று ஒரு மனம், அவர் முகத்துக்கு நேரே பொய் சொல்ல உன்னால் முடியுமா என்று இன்னொரு மனம். இரண்டும் சேர்ந்து என்னைத் தின்றன.

ஒரு மதியம் நான் அலுவலகத்தில் இருந்தபோது அவர் போனில் கூப்பிட்டார். "கையெழுத்துப் போட வரேன்," என்றார். வந்தார். கிரவுன் ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தார். இனி வேறு எந்தத் தொடரின் போட்டியிலும் அவர் ஆடக்கூடாது என்று ஒரு இடத்தில் இருந்தது. அதில் விரலை வைத்தார். மேலாளர், "அதை வேணும்னா மாத்திக் கேட்டுப் பாக்கலாம்," என்றார்.

"வேண்டாம் மேடம். அதுக்காகத்தான் கையெழுத்தே போடறேன்," என்றார்.

மேலாளருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, இனி மூனில் புதிதாக வருகிற யாரும் இவரிடம் மாட்ட வேண்டியதில்லை. அழுகையை அடக்கிக்கொள்ள மேசைக்கு அடியில் என் கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

கிரவுனில் அவர் முதல் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றார். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் அவரைத் துவைத்து எடுத்துவிட்டாள். காத்திருந்து பாயும் வித்தை அங்கே செல்லாது. கருத்துப் பெட்டியில் பூனைக்கு வயதாகிவிட்டது என்று எழுதினார்கள், இன்னும் மோசமாகவும் எழுதினார்கள். நான் ஒவ்வொன்றாகப் படித்து மனதுக்குள் ஒவ்வொருவரையும் செருப்பால் அடித்தேன். அவர் வீட்டுக்கு வந்து, அந்தப் பெண் செய்த ஒரு அடியை எப்படித் தடுப்பது என்று சாப்பிடும்போதுகூட விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் வீட்டில் டக்டக் கேட்க ஆரம்பித்தது. ஆனால் அத்தைக்கு இப்போது ஜெயிக்கிறானா தோற்கிறானா என்று சத்தத்தை வைத்துச் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் கைவிட்ட பிறகு, மூன் ஆடுகிறவர்களே சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். நேரலை கிடையாது, பரிசும் பெரிதாக இல்லை. ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில், கூட்டங்களுக்கு வாடகைக்கு விடும் அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. "வரியா, சும்மா எட்டிப் பாத்துட்டு வரலாம்," என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆளில்லாத அறையைப் பார்த்து இவர் உடைந்துபோனால் நான் என்ன செய்வேன்? ஆனால் கேட்டது அவர், எதையும் கேட்காத ஆள்.

கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. அவ்வளவு பேர். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள், தரையில் உட்கார்ந்தார்கள், ஸ்டிக்கை மார்போடு அணைத்துக்கொண்டு முறைக்காகக் காத்திருந்தார்கள். பாதி முகங்கள் எனக்குப் புதியவை. ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள், தோற்றவன் உடனே எழுந்து இன்னொரு வரிசையில் போய் நின்றான். யாரும் யாரையும் ஒரேயடியாக நசுக்கவில்லை. எல்லோரும் சுமாராகத்தான் ஆடினார்கள். அதனாலேயே எந்த ஆட்டமும் கடைசிவரை யார் பக்கம் போகும் என்று தெரியவில்லை.

நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு நின்றேன். வாசலருகே இருந்த ஒருவர் அடையாளம் கண்டு, "பூனை அண்ணே, வாங்க," என்று கையைக் கொடுத்துவிட்டு, உடனே ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார். இவர் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்தார். நடுத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, தன்னை மறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். இவர் வழக்கமாக எடுக்கும் வீரனை ஒரு பெண் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தாள். தப்பும் தவறுமாக ஆடினாள். பாய வேண்டிய இடத்தில் பாயாமல், காத்திருக்க வேண்டிய இடத்தில் பாய்ந்தாள். இவர் விரல்கள் தொடையில் தானாகத் தட்டின. ஆனாலும் அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி, இவர் யாரென்று தெரியாதவள், முதுகில் லேசாகத் தட்டினாள்.

"அண்ணே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. திரை தெரியல."

என் ரத்தம் கொதித்தது. யாரை ஓரமா நிற்கச் சொல்கிறாய் என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவர், "மன்னிச்சுக்கம்மா, பாருங்க, பாருங்க," என்று அவசரமாக விலகி, ஆட்களை இடித்துக்கொண்டு, சுவரோரம் என் பக்கத்தில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில், எந்தக் கோப்பையை வாங்கியபோதும் நான் பார்த்ததில்லை.

"நல்ல ஆட்டம்ல?" என்றார்.

"ஆமாங்க," என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் யாரோ எழுந்து நின்றதில் எங்களுக்குத் திரை தெரியவில்லை. கூட்டம் சத்தம் போட்டபோது யார் ஜெயித்தார்கள் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.